குதிரைக்கு ஒதுங்கிய சந்து

சியோலுக்கு முதல்முறையாகப் போகிறவர்களுக்கு, போய்வந்தவர்கள் ஒரு காலத்தில் இப்படித்தான் வழி சொல்வார்கள்: குவாங்ஹ்வாமுன் நாற்சந்தியில் கியோபோ புத்தகக் கடை இருக்கிறதே, அதன் முன்வாசலை விட்டுவிடுங்கள். பின்பக்கமாக வெளியே வாருங்கள். மீன் சுடுகிற புகை எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் நடங்கள். அவ்வளவுதான். கடையின் பெயர் கிடையாது, கதவு எண் கிடையாது. மூக்கை நம்பிப் போனால் போதும், சாப்பாடு கிடைத்துவிடும்.

இன்று அதே பின்பக்கமாக வெளியே வந்தால் கண்ணாடிக் கோபுரங்களும் காப்பிக் கடைகளும் நிற்கின்றன. புகை இல்லை. பிமாட்கோல் என்ற அந்தச் சந்தின் மேற்குப் பாதி செத்துப்போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. மிச்சமிருக்கும் கிழக்குப் பாதியை உயிரோடு இருக்கிறது என்று சொல்லலாம்தான், ஆனால் பார்த்தவர்கள் சொல்லமாட்டார்கள்.

சந்துக்கு ஏறத்தாழ அறுநூறு வயது. ஜோசோன் அரசு 1394-இல் தலைநகரை இங்கே கொண்டுவந்தது. 1412 முதல் ஜோங்னோ என்ற பெருவீதியின் இருபுறமும் அரசே கடைவரிசை கட்டி, உரிமம் பெற்ற வணிகர்களிடம் கொடுத்தது. பட்டும் பருத்தியும் காகிதமும் மீனும் அங்கே விற்றன. அதே வீதியில்தான் பெரிய அதிகாரிகள் குதிரையிலும் பல்லக்கிலும் போய்வந்தார்கள். எதிரே வருகிற சாமானியன் ஓரம் ஒதுங்கி, குனிந்து, பரிவாரம் கடந்துபோகும் வரை அப்படியே நிற்க வேண்டும். தலைநகரில் அதிகாரிகளுக்கா பஞ்சம்? ஒரு சாமான் வாங்கப் போகிற வழியில் எத்தனை முறைதான் குனிவது! சனங்கள் கலகம் செய்யவில்லை, மனுப் போடவில்லை. கடைகளின் முதுகுப்புறம் ஓடிய ஒடுக்கமான சந்தில் நடக்க ஆரம்பித்தார்கள். குதிரைக்கு ஒதுங்கும் சந்து என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

நடக்கிற ஆளுக்குப் பசிக்கும். வாங்குகிற கூட்டமெல்லாம் முன்வீதியில் என்றால், பசித்த கூட்டமெல்லாம் பின்சந்தில். சூப்புக் கடை, சாராயக் கடை, மீன் சுடுகிற கடை என்று சந்து முழுக்க அடுப்பு பற்றிக்கொண்டது. அரசு போனது, ஜப்பானியர் வந்தார்கள், அவர்களும் போனார்கள், போர் வந்தது. அடுப்பு மட்டும் அணையவில்லை.

மேற்குக் கோடியில் சோங்ஜின்டோங் என்ற பகுதிக்குத் தனிக் கதை உண்டு. ஜப்பானியர் காலத்தில் அங்கே விறகுச் சந்தை கூடும். இருட்டோடு விறகு சுமந்து வந்தவர்கள் விற்றுமுடித்ததும் சுடச்சுட எதையாவது உள்ளே தள்ள வேண்டும். எலும்புச் சாற்றில் முட்டைக்கோஸின் முற்றிய வெளி இலையும் குடலும் உறைந்த மாட்டு ரத்தமும் போட்டுக் கொதிக்கவைத்த ஹேஜாங்குக் என்ற சூப்பு அப்படி நிலைத்தது. சோங்ஜினோக் என்ற கடை 1937-இல் தொடங்கியது. விறகுவெட்டிகள் மறைந்ததும் அவர்கள் இடத்தில் குடிகாரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 1945 முதல் 1982 ஜனவரி 5 வரை தென் கொரியாவில் இரவு ஊரடங்கு இருந்தது. நள்ளிரவு தொடங்கி அதிகாலை நான்கு மணி வரை தெருவில் நடமாடக் கூடாது. எங்கோ மாட்டிக்கொண்டு இரவைக் கழித்தவர்களுக்கு, நான்கு மணிக்குக் கதவு திறந்ததும் போகத் தோன்றுகிற இடம் இந்தச் சூப்புக் கடைகள்தான். பக்கத்திலேயே செய்தித்தாள் அலுவலகங்கள். பத்திரிகைக்காரர்கள், கவிஞர்கள், மாணவர்கள், குமாஸ்தாக்கள் எல்லோரும் ஒரே பலகையில் உட்கார்ந்து குடித்தார்கள்.

அந்தப் பலகையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 1950-களில் தொடங்கிய ஒரு கடை. இடம் அவ்வளவு ஒடுக்கம் என்பதால் இருக்கைகளை நீளவாக்கில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ரயில் பெட்டி மாதிரி இருக்கிறது என்று வாடிக்கையாளர்களே ‘ரயில் வீடு’ என்று பொருள்படும் யோல்ச்சாஜிப் என்ற பெயரை வைத்துவிட்டார்கள். அங்கே பேர்போன பண்டம் பிந்தேத்தொக். தோல் நீக்கிய பச்சைப்பயறை ஊறவைத்து, கரகரப்பாக அரைத்து, பன்றிக் கொழுப்பில் ஓரம் முறுகும்வரை பொரித்தெடுப்பார்கள். நம் ஊர் அடைக்குத் தூரத்துப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய சிப்பி, காரத்தோடு. நெளிந்த அலுமினியக் கெட்டிலில் மக்கொல்லி வரும். அரிசியில் நொதித்த, கலங்கிய வெள்ளைச் சாராயம். அதைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்க வேண்டும். கெட்டில் எவ்வளவு நெளிந்திருக்கிறதோ அவ்வளவு பழைய கடை என்று குடிப்பவர்கள் சொல்லிக்கொள்வார்கள். சுவரெல்லாம் கிறுக்கல். வந்தவன் பெயர், காதலித்தவள் பெயர், ஆட்சியைத் திட்டி ஒரு வரி.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு இந்தச் சந்து ஏன் அவ்வளவு பிடித்தது என்பதற்கு ருசி மட்டும் காரணமில்லை. சியோலில் ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதே அப்போது பெரும்பாடு. கொரியாவில் அன்று முகவரி என்பது தெருவை வைத்து இல்லை, மனையை வைத்து. ஜப்பானியர் காலத்து நில அளவையில் கொடுத்த மனை எண். பிறகு மனை துண்டாடப்பட, எண்ணும் துண்டாடப்பட்டது. பன்னிரண்டாம் எண்ணுக்குப் பக்கத்தில் பதின்மூன்று இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பெரும்பாலான சந்துகளுக்குப் பெயரும் இருக்கவில்லை. தெருப்பெயரை வைத்து முகவரி சொல்கிற முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரி 1-ஆம் தேதிதான். நிலவரைபடத் தகவலை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அரசு கட்டுப்பாடு வைத்திருந்ததால், உலகமெல்லாம் வழிகாட்டும் கூகுள் வரைபடமும் கைப்பேசி வந்த பிறகுகூடப் பல வருடங்கள் சியோலில் நடைவழி காட்டவில்லை.

ஆகவே வாய்தான் வரைபடம். கடைக்காரர்கள் தங்கள் அட்டையின் பின்புறத்தில் வழியைக் கோடுபோட்டு அச்சடித்தார்கள். யோக்வான் எனப்படும் மலிவான பழைய விடுதிகளில் முந்தின நாள் இரவு வந்தவன் அன்று காலை வந்தவனுக்குக் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்தான். சுரங்க ரயிலில் ஜோங்காக் நிலையத்தில் இறங்கு, போசின்காக் மணி மண்டபத்துக்கு எதிர்ப்புறம் போ, வங்கிக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி தெரியும், தயங்காமல் நுழை. கூடவே இலவச இணைப்பாகச் சில அறிவுரைகளும் வரும். தனியாகப் போனால் பல கடைகளில் இரண்டு பேருக்கான அளவைத்தான் வாங்கச் சொல்வார்கள். மீன் சுடுகிற கடையில் அந்தத் தொல்லை இல்லை, ஒற்றை ஆளுக்கும் சோறு, சூப்பு, ஒரு கானாங்கெளுத்தி என்று தட்டு வந்துவிடும். சின்னக் கிண்ணங்களில் வருகிற தொடுகறிக்குக் காசு இல்லை, தீர்ந்தால் கேட்டு வாங்கு. டிப்ஸ் வைக்காதே, துரத்திக்கொண்டு வந்து திருப்பிக் கொடுப்பார்கள். கடைக்கார அம்மாளை ‘இமோ’ என்று கூப்பிடு, சித்தி என்று கூப்பிடுகிற மாதிரி; கொஞ்சம் கூடுதலாகவே பரிமாறுவாள்.

இந்த வகை அறிவுரையில் ஒரு நேர்மை உண்டு. கொடுத்தவனுக்கு ஆதாயம் எதுவும் இல்லை. நட்சத்திரம் போட்டு மதிப்பிடுகிற வேலையும் இல்லை. தான் வயிறு நிறைந்து வந்த இடத்தை இன்னொரு வயிற்றுக்குச் சொன்னான், தீர்ந்தது. தவறாகப் போனாலும் குற்றமில்லை, அந்தச் சந்தில் தவறான கதவு என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சாவுக்கு வருவோம். முதல் அடி விழுந்தது பெருவீதியோரம் உயர்ந்த கட்டடங்கள் எழத் தொடங்கியபோது. 1980-இல் கியோபோ கட்டடம் வந்தது, மேற்கு முகப்பு சுருங்கியது. தலைநகரின் நட்டநடுவில், நாட்டிலேயே விலை உயர்ந்த மண்ணில், ஒற்றை மாடி ஓட்டு வீடுகளில் மீன் சுட்டுக்கொண்டிருந்தால் எந்த ரியல் எஸ்டேட்காரனுக்குத் தூக்கம் வரும்? சீரமைப்புத் திட்டம் பல பத்தாண்டுகள் தாளில் கிடந்தது. 2000-களில் புல்டோசர் வந்தது. சோங்ஜினோக் எழுபது வருட இடத்தைவிட்டு 2008-இல் ஒரு புதிய கட்டடத்துக்குள் குடிபெயர்ந்தது. ரயில் வீடு 2010-இல் பக்கத்துப் பகுதிக்குப் போனது. அவர்கள் விட்டுப்போன இடத்தில் இருபத்துச் சொச்சம் மாடிக் கோபுரங்கள் எழுந்தன. மிச்சத்தையாவது காப்பாற்றுவோம் என்று மாநகர நிர்வாகம் 2009-இல் அறிவித்து, ஜோங்னோ இரண்டாம் பகுதிக்குக் கிழக்கே உள்ள சந்தை இடிப்பிலிருந்து விலக்கியது. நல்ல முடிவு. நோயாளி போன பிறகு வந்த மருந்து.

இரங்கல் எழுதும்போது இறந்தவரின் குறையை மறைப்பது வழக்கம், இங்கே அது சரியில்லை. சந்து அழுக்காக இருந்தது. கழிப்பறை கொடுமை. மரச் சட்டமும் மின்கம்பிப் பின்னலும் எரிவாயு உருளையும் ஒட்டி ஒட்டி இருந்தன. தீயணைப்பு வண்டி நுழைய வழி கிடையாது. 2013 பிப்ரவரியில் இன்சாடோங் பக்கம், சந்தின் ஓரத்தில் பற்றிய தீ வரிசையாகப் பல கடைகளைத் தின்றுவிட்டது. ஒழுகுகிற கூரையின் கீழ் ஐம்பது வருடம் மாவு அரைத்த அம்மாளிடம் போய், பழமையின் அழகே அழகு என்று பேசினால் கரண்டியால் அடிப்பாள். கட்டடங்களைப் புதுப்பித்ததில் எனக்குக் குறை இல்லை.

என் குறை வேறு. சந்தைக் கொன்றுவிட்டுப் பெயரைக் காப்பாற்றினார்கள். புதிய கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் ஊடாக ஒரு நடைபாதை விட்டு, வாசலில் வளைவு வைத்து, அதில் பிமாட்கோல் என்று எழுதியிருக்கிறார்கள். பளிங்குத் தரை, வரிசையாகக் கடைகள். பழைய கடைகளில் சில உள்ளே வந்தன, அதே சமையல், அதே ஆட்கள். வாடகை மட்டும் அதே இல்லை. நடைபாதை கட்டடத்துக்குச் சொந்தம்; சந்து யாருக்கும் சொந்தமாக இருந்ததில்லை. பெரிய மனிதர்களின் வீதிக்குப் பின்னால் சின்ன மனிதர்களுக்கு இன்னொரு வீதி வேண்டும் என்பதற்காகப் பிறந்த இடத்தை, பெரிய மனிதர்களின் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தால் அது எப்படிச் சந்தாகும்?

இடித்த இடத்தைத் தோண்டியபோது சந்து கடைசியாக ஒருமுறை வாரிக் கொடுத்தது. 2009-இல் சோங்ஜின்டோங் மண்ணுக்குள்ளிருந்து ஜோசோன் காலத்து வெள்ளைப் பீங்கான் சாடிகள் மூன்று முழுசாக வந்தன, பிறகு அவை நாட்டின் அரும்பொருள் பட்டியலில் ஏறின. 2021-இல் கிழக்கே இன்சாடோங் பக்கம், சந்தை ஒட்டிய மனையில், ஒரு மண்பானை நிறைய உலோக அச்செழுத்துகள். சுமார் 1,600. அவற்றில் சில 1434-இல் வார்த்த வகையைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. அப்படியானால் ஜெர்மனியில் குட்டன்பெர்க் பைபிள் அச்சிடுவதற்கு முந்தியவை. கூடவே நீர்க்கடிகாரத்தின் உறுப்பு, நட்சத்திரம் பார்த்து நேரம் சொல்லும் கருவி, துப்பாக்கிக் குழல்கள். யார் எதற்காகப் புதைத்தார்கள், ஏன் திரும்பி வந்து எடுக்கவில்லை? குடிக்க வந்தவர்கள் இத்தனை காலம் இதற்கு அருகில்தான் உட்கார்ந்து அரட்டை அடித்திருக்கிறார்கள்.

கோங்பியோங் பகுதியில் மட்டும் கொஞ்சம் புத்தியோடு நடந்துகொண்டார்கள். 2015-இல் ஒரு கோபுரத்துக்கு அடித்தளம் தோண்டியபோது பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு வீடுகளின் அடிச்சுவரும் சந்துகளும் வெளிப்பட்டன. அவற்றைப் பெயர்த்தெடுத்து வேறெங்கோ வைக்காமல், கட்டடத்தின் அடித்தளத்திலேயே காட்சிக்கு விடச் சொன்னது மாநகரம். ஈடாகக் கட்டுபவருக்குக் கூடுதல் மாடிகள் கட்ட அனுமதி. பேரம்தான், ஆனால் நியாயமான பேரம். 2018 செப்டம்பரில் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. கண்ணாடித் தரைமேல் நின்று குனிந்து பார்த்தால், மனிதர்கள் நடந்த சந்து அதே அகலத்தில் காலுக்குக் கீழே கிடக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும் போலிருக்கிறது.

கொரிய நாடகங்கள் பார்த்துவிட்டுச் சியோலுக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் நம் ஊரிலும் பெருகிவிட்டார்கள். அவர்களுக்குப் பழைய முறையில் ஒரு வழி சொல்லிவைக்கிறேன். ஜோங்காக் நிலையத்தில் இறங்குங்கள். கோங்பியோங் அருங்காட்சியகம் நடக்கிற தூரம்தான், நுழைவுக் கட்டணம் இல்லை. பார்த்து முடித்ததும் அருகிலேயே இடம் மாறி நடக்கிற ரயில் வீட்டைக் கேட்டுப் போய் பிந்தேத்தொக் சாப்பிடுங்கள். சைவக்காரர்கள் முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது, பொரிப்பது பன்றிக் கொழுப்பில். பிறகு பெருவீதியை விட்டுவிட்டு, வடபுறக் கடைகளின் பின்னால் கிழக்கு நோக்கி ஜோங்னோ மூன்றாம் பகுதி வரை நடங்கள். மிச்சமிருக்கும் சந்து அங்கேதான். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்கு அருங்காட்சியகம் விடுமுறை.