எழுத்தும் நிறமும்: நிரல்வழி மாற்றத்தக்க உரைதிருத்திகளில் தொடரியல் வண்ணமிடலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கணினி நிரலை எழுதும் உரைதிருத்தியில் ஒதுக்கச்சொல் ஒரு நிறத்திலும் குறிப்புரை மற்றொரு நிறத்திலும் தோன்றுவது இன்று இயல்பாகிவிட்டது. இந்நிறம் உரையில் இல்லாதது. உரையைப் படித்த வேறொரு நிரல் அதன்மேல் ஏற்றிய பொருள்கோள் அது. அப்பொருள்கோளை உருவாக்கும் முறை 1985 முதல் இன்றுவரை எவ்வாறு மாறியது என்பதை ஈமாக்ஸ் உரைதிருத்தியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. விரைவுக்கும் துல்லியத்துக்கும் இடையிலான இழுபறியே இவ்வரலாற்றை இயக்கியது என்பதும், அவ்விழுபறியில் பயனரின் திருத்தும் உரிமை இடம் மாறியது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: உரைதிருத்தி, தொடரியல், வண்ணமிடல், ஈமாக்ஸ், வடிவக்கோவை, தொடரியல் மரம்.

முன்னுரை

ஓர் உரையின் உறுப்புகளைக் கண்ணுக்கு வேறுபடுத்திக் காட்டுவது கணினிக்கு முற்பட்ட வழக்கம். அகராதியில் தலைச்சொல் தடித்த எழுத்திலும், இலக்கண வகை சாய்ந்த எழுத்திலும் அச்சாவது இதற்குச் சான்று. ஆயினும் அச்சில் அவ்வேறுபாட்டை முடிவுசெய்பவர் பதிப்பாசிரியர். அது ஒருமுறை அமைந்தபின் மாறுவதில்லை. உரைதிருத்தியிலோ உரை ஒவ்வொரு விசைத்தட்டலிலும் மாறுகிறது. முற்றுப்பெறாத நிலையிலும் அதற்குப் பொருள் காண வேண்டியிருக்கிறது. அரைகுறையான உரையை, அது எழுதப்படும் வேகத்திலேயே படித்து உறுப்புப் பிரிப்பது எவ்வாறு என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல்.

1. அச்சு மரபும் அல்கால் அறிக்கையும்

1960-இல் வெளிவந்த அல்கால் 60 அறிக்கை, நிரல்மொழியை மேற்கோள் வடிவம், வெளியீட்டு வடிவம், வன்பொருள் வடிவம் என மூன்று நிலைகளில் வகுத்தது. அச்சில் ஒதுக்கச்சொற்கள் தடித்த எழுத்தில் அமைந்தன. அங்குத் தடிப்பு அழகுக்காக அமைந்ததன்று. தடித்த சொல் முழுதும் ஒரே குறியீடாகக் கருதப்பட்டது. தடித்த எழுத்து இல்லாத கணினிகளில் அதே வேறுபாட்டை மேற்கோட்குறி முதலியவற்றால் காட்டினர். பின்வந்த மொழிகள் பலவும் இம்முறையைக் கைவிட்டு, சொல்லின் எழுத்துவடிவைக் கொண்டே அதன் வகையை அறியும்படி அமைந்தன. இதனால் எழுத்துவடிவு சுமந்த செய்தி திரையிலிருந்து மறைந்தது. மறைந்ததை நிறமாக மீட்டதே வண்ணமிடல் எனலாம். ஆனால் மீண்டு வந்தபோது அது மொழியின் உறுப்பாக வரவில்லை, மொழியைப் பற்றிய கருத்தாக வந்தது.

2. அகராதித் திட்டமும் லெக்ஸும்

தட்டச்சிடும்போதே நிறமேற்றும் உரைதிருத்திகளுள் முற்பட்ட ஒன்று, அகராதிப் பணிக்காகப் பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்காக, ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த மைக் கௌலிஷா 1985-இல் லெக்ஸ் என்னும் உரைதிருத்தியை உருவாக்கினார். அதனை விளக்கும் அவரது கட்டுரை 1987-இல் ஐபிஎம் ஆய்விதழில் வெளிவந்தது.

அகராதிப் பதிவு ஒன்றில் தலைச்சொல், ஒலிப்பு, சொற்பிறப்பு, பொருள், ஆட்சி மேற்கோள் ஆகியன குறியொட்டுகளால் பிரிக்கப்பட்டு அடர்ந்து கிடக்கும். பதிப்பாசிரியர் அவற்றினூடே பிழை காண வேண்டும். லெக்ஸ், உரை மாறுந்தோறும் அதைப் பகுக்கும் பகுப்பிகளைக் கொண்டிருந்தது. உறுப்புகளை நிறத்தாலும் எழுத்துருவாலும் வேறுபடுத்தியது. நிரல், ஆவணம், அகராதிப் பதிவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுப்பியை இணைக்க இடமிருந்தது. எனவே வண்ணமிடல் நிரலாளருக்கு மட்டுமே உரிய கருவியாகத் தோன்றவில்லை. கட்டமைப்புடைய எவ்வுரைக்கும் உரிய வாசிப்புத் துணையாகவே தோன்றியது.

3. ஈமாக்ஸும் எழுத்தோடு ஒட்டிய பண்பும்

ஈமாக்ஸ் 1976-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் டெக்கோ என்னும் திருத்தியின் குறுங்கட்டளைத் தொகுதியாகப் பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் ஆகியோர் அதன் தொடக்கக் கால ஆக்குநர்கள். ஸ்டால்மன் 1984-இல் தொடங்கிய குனு ஈமாக்ஸ், சி மொழியில் அமைந்த சிறு கருவையும், லிஸ்ப் மொழியில் அமைந்த பெரும்பகுதியையும் கொண்டது. திருத்தி இயங்கிக்கொண்டிருக்கும்போதே பயனர் அதன் லிஸ்ப் பகுதியைத் திருத்தலாம். நிரல்வழி மாற்றத்தக்க திருத்தி என்னும் தொடரின் பொருள் இதுவே.

வண்ணமிடலுக்கு இன்றுவரை அடிப்படையாக உள்ள ஃபான்ட்-லாக் என்னும் தொகுதி, லூசிட் நிறுவனத்தில் ஈமாக்ஸின் கிளையொன்றை வளர்த்த ஜேமி ஜாவின்ஸ்கியால் 1990-களின் தொடக்கத்தில் எழுதப்பட்டு, பின்னர்க் குனு ஈமாக்ஸிலும் இடம்பெற்றது. இங்கு நிறம் நேரடியாகக் குறிக்கப்படுவதில்லை. உரையின் ஒவ்வோர் எழுத்தோடும் பண்புகள் ஒட்டியிருக்கும். அவற்றுள் ஒன்று ‘முகம்’ எனப்படுவது. குறிப்புரை முகம், சர முகம், ஒதுக்கச்சொல் முகம், செயற்கூற்றுப்பெயர் முகம் என வகைகள் உண்டு. பகுப்பு நிரல் எழுத்துக்கு முகத்தை அளிக்கும். முகத்துக்கு நிறத்தைப் பயனரின் தெரிவு அளிக்கும். வகைப்படுத்தலையும் தோற்றத்தையும் பிரித்த இவ்வமைப்பினாலேயே ஒரே பகுப்பைப் பல நிறத்தொகுதிகளில் காண முடிகிறது. கோப்பைச் சேமிக்கும்போது இப்பண்புகள் எழுதப்படுவதில்லை; எழுத்து மட்டுமே எஞ்சும்.

4. இருநிலைப் பகுப்பு

ஃபான்ட்-லாக் இரண்டு நிலைகளில் இயங்குகிறது. முதல் நிலை தொடரியல் அட்டவணையைச் சார்ந்தது. அவ்வட்டவணை ஒவ்வோர் எழுத்தையும் சொல்லெழுத்து, இடைவெளி, திறப்படைப்பு, மூடடைப்பு, சரக்குறி, விலக்குக்குறி, குறிப்புரைத் தொடக்கம், குறிப்புரை முடிவு முதலிய வகைகளுள் ஒன்றில் அடக்கும். உரையைத் தொடக்கத்திலிருந்து நடந்துசென்றால், ஓரிடம் சரத்துக்குள் உள்ளதா, குறிப்புரைக்குள் உள்ளதா, எத்தனை அடைப்புகளின் ஆழத்தில் உள்ளது என்பவற்றை இவ்வட்டவணை கொண்டே கணக்கிடலாம்.

இரண்டாம் நிலை, ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் வடிவக்கோவையைச் சார்ந்தது. எடுத்துக்காட்டாக, லிஸ்ப் நிரலில் திறப்படைப்பை அடுத்து ‘டிஃபன்’ என்னும் சொல் வந்தால் அச்சொல் ஒதுக்கச்சொல் எனவும், அதனை அடுத்த சொல் செயற்கூற்றின் பெயர் எனவும் ஒரு கோவை கூறும். முதல் நிலையில் சரம் என்றோ குறிப்புரை என்றோ முகம் பெற்ற பகுதியை இரண்டாம் நிலைக் கோவை, வெளிப்படையாக ஆணையிடப்பட்டாலன்றி, மாற்றாது. குறிப்புரைக்குள் வந்த ஒதுக்கச்சொல் தன் நிறத்தைப் பெறாதிருப்பதன் காரணம் இவ்வரிசைமுறையே.

5. காணும் பகுதிக்கு மட்டும்

முழுக் கோப்புக்கும் நிறமேற்றிய பின்னரே திரையில் காட்டுவது தொடக்கக் கால முறை. பெரிய கோப்புகளில் இது காத்திருப்பைத் தந்தது. 2001-இல் வெளிவந்த ஈமாக்ஸ் 21-இல் கெர்ட் மோல்மன் எழுதிய ஜிட்-லாக் இதனை மாற்றியது. திரையில் காட்டவிருக்கும் பகுதிக்கு நிறமேற்றப்பட்டதா என்பதை எழுத்தோடு ஒட்டிய மற்றொரு பண்பு உணர்த்தும். அப்பண்பு இல்லாதபோது மட்டும், அப்பகுதிக்கு மட்டும், அக்கணத்தில் பகுப்பு நிகழும். உரையை மாற்றினால் அவ்வரியின் பண்பு நீக்கப்பட்டு, வரி மீண்டும் பகுக்கப்படும்.

ஆயினும் ஒரு மேற்கோட்குறியைத் திறந்தால் அதன் கீழுள்ள உரை முழுதும் சரமாக மாறக்கூடும். மாற்றம் ஒரு வரியில். விளைவோ எல்லா வரிகளிலும். இதற்கெனப் பயனர் தட்டச்சை நிறுத்தி அரை விநாடி கழிந்தபின் கீழ்ப்பகுதியைப் புதுப்பிக்கும் ஏற்பாடு அமைந்தது. அவ்வரை விநாடியில் திரையிலுள்ள நிறம் பழைய உரைக்கு உரியது. விரைவைப் பெறுவதற்காகத் துல்லியத்தைச் சற்றே ஒத்திவைத்த உடன்பாடு இது. இவ்வுடன்பாட்டின் பயனாகச் செலவு குறைந்தது. 2007-இல் வந்த ஈமாக்ஸ் 22 முதல் வண்ணமிடல் இயல்பிருப்பாயிற்று.

6. வடிவக்கோவையின் எல்லைகள்

வடிவக்கோவையின் கோட்பாட்டைக் கணிதவியலர் ஸ்டீஃபன் கிளீனி 1950-களில் வகுத்தார். கென் தாம்ப்சன் அதனை உரைத்தேடலுக்கு ஏற்ற வழிமுறையாக 1968-இல் வெளியிட்டார். வரம்பின்றி ஒன்றினுள் ஒன்றாக அடுக்கிய அடைப்புகளைக் கோட்பாட்டளவில் இக்கோவை எண்ணவியலாது. மொழிகளின் தொடரியலோ அத்தகைய அடுக்குகளால் ஆனது.

பெயரின் வகை, எழுத்தைப் பார்த்து அறியக்கூடியதாகவும் எப்போதும் இருப்பதில்லை. சி மொழியில் இரு பெயர்களுக்கிடையே உடுக்குறி வந்தால் அது பெருக்கலாகலாம். முதற்பெயர் ஒரு தரவு வகையாயின் சுட்டியின் அறிவிப்பாகலாம். முன்னெங்கோ உள்ள அறிவிப்பை அறியாமல் இதனைத் தீர்க்க இயலாது. கோவை ஊகிக்கிறது, ஊகம் தவறும்போது திரை உறுதியான தொனியில் பொய்யுரைக்கிறது.

தமிழெழுத்து இவ்வெல்லையை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. பைத்தான் 3, தமிழ்ச் சொற்களை மாறிகளின் பெயராக ஏற்கும். ஆனால் அம்மொழியின் இயல்பான வடிவக்கோவை நூலகத்தில் ‘சொல்லெழுத்து’ என்னும் வகை, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் உள்ளடக்குவதில்லை. ‘தமிழ்’ என்னும் பெயரை அவ்வகைகொண்டு தேடினால் ‘தம’ என்பதோடு பொருத்தம் நின்றுவிடும். மொழி ஒரே பெயராக ஏற்பதைக் கோவை துண்டாக்குகிறது. அக்கோவையை நம்பி நிறமேற்றும் கருவி தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டிக் காட்டும். ஒருவகை எழுத்துமுறையை மனத்திற்கொண்டு வகுத்த வகைப்பாடு பிறிதொன்றைப் பிழைபடக் காட்டுவதற்கு இது சான்று.

7. தொடரியல் மரம்

உரை மாறிய இடத்தை மட்டும் மீளப் பகுத்து, எஞ்சிய மரத்தை அப்படியே பயன்படுத்தும் படிமுறைப் பகுப்பை 1990-களில் பெர்க்லியில் டிம் வாக்னர், சூசன் கிரஹாம் ஆகியோர் ஆராய்ந்தனர். அவ்வழியில் மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட், கிட்ஹப் நிறுவனத்தின் ஆட்டம் திருத்திக்காக ட்ரீ-சிட்டர் என்னும் பகுப்பியை உருவாக்கினார். அது முழு உரைக்கும் தொடரியல் மரம் அமைக்கிறது. பிழையுள்ள உரையிலும் பிழைக்கு வெளியேயுள்ள கிளைகளைக் காக்கிறது. ஆட்டம் 2022-இல் நிறுத்தப்பட்டது, பகுப்பி நிலைத்தது. 2023-இல் வந்த ஈமாக்ஸ் 29 அதனை ஏற்றது. அங்கு வண்ணமிடல் நான்கு படிகளில் அமைகிறது. இயல்பிருப்பு மூன்றாம் படி.

மரம் அமைப்பைக் கூறுமேயன்றிப் பெயரின் பொருளைக் கூறாது. மேற்கூறிய உடுக்குறிச் சிக்கலை அதுவும் முழுமையாகத் தீர்ப்பதில்லை. அதனைத் தீர்க்கப் பெயர்களின் அறிவிப்பைத் தேடியறியும் மொழிச் சேவையகம் வேண்டும். அத்தகைய பொருள்சார் குறிகளை அனுப்பும் வசதி, மொழிச் சேவையக நெறிமுறையின் 3.16-ஆம் பதிப்பில் 2020-இல் சேர்ந்தது.

இம்மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. வடிவக்கோவை தவறினால் பயனர் லிஸ்பில் ஒரு வரி எழுதி அக்கணமே திருத்தலாம். ட்ரீ-சிட்டரின் இலக்கணம் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டு, சி மொழியாக மாற்றப்பட்டு, கம்பைலர் வழியே நூலகமாகித் திருத்திக்குள் வருகிறது. அதைத் திருத்தியின் உள்ளிருந்து மாற்ற இயலாது. மரத்தின் எந்தக் கணுவுக்கு எம்முகம் என்னும் வினவல் மட்டுமே லிஸ்பில் பயனர் கையில் எஞ்சுகிறது.

8. பயன் குறித்த ஆய்வுகள்

வண்ணமிடல் வாசிப்புக்கு உதவுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அத்வைத் சர்க்கார் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, நிறம் நிரலைப் புரிந்துகொள்ளும் நேரத்தைக் குறைப்பதாகவும், அனுபவம் கூடக்கூட அவ்விளைவு குறைவதாகவும் கண்டது. தொடக்கநிலை மாணவர் 390 பேரை வைத்து நிகழ்த்தி 2018-இல் வெளியிட்ட ஹன்னபவுர் குழுவினரின் ஆய்வோ, விடைகளின் சரிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. இவ்வாய்வுகள் சரியான நிறத்தையும் நிறமின்மையையும் ஒப்பிட்டன. மேலே கண்ட வரலாறு எழுப்பும் வினா வேறு: தவறான நிறம் வாசகரை எங்கே இட்டுச்செல்லும் என்பதே அது.

முடிவுரை

அல்கால் அறிக்கையில் எழுத்துவடிவு மொழியின் உறுப்பு. லெக்ஸில் நிறம் பதிப்பாசிரியரின் துணை. ஃபான்ட்-லாக்கில் பயனர் திருத்தத்தக்க ஊகம். ட்ரீ-சிட்டரில் பயனருக்கு வெளியே முடிவான இலக்கணத்தின் கூற்று. துல்லியம் ஒவ்வொரு படியிலும் கூடியது. திருத்தும் உரிமை இலக்கணத்திலிருந்து விலகி, முகத்தைத் தெரியும் அளவுக்குச் சுருங்கியது. இலக்கணம் தமிழ்ப் பெயரைப் பிழையாக வெட்டினால், முன்னர் அதைப் பயனரே சீராக்கலாம். இப்போது இலக்கணத்தை ஆக்குவோரிடையே தமிழ் அறிந்தோர் இருக்க வேண்டும். நிறத்தை உரையின் இயல்பாகக் கொள்ளாமல் உரையாகக் கொள்வதே, அதாவது மூலத்தின்மேல் ஒருவர் எழுதிய விளக்கமாகக் கொள்வதே, இக்கருவிகளைப் பயன்படுத்தும் ஆய்வாளருக்கு ஏற்ற நிலைப்பாடாகும்.