பெருசும் பொடிசும் ஒரே பெஞ்சில்

"அந்தப் பெருசுக்கு என்னப்பா தெரியும்?" விடுதியிலும் கேன்டீனிலும் நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய வசனம் இது. விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அதன் பின்னால் ஒரு மனப்போக்கு இருக்கிறது. அதற்கு ஒரு பெயரும் உண்டு. அதை மாற்ற நடந்த முயற்சிகளுக்கு ஒரு வரலாறும் உண்டு. பல தலைமுறை மாணவர்கள் கூடும் இந்த வேளையில் அதைச் சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

1969-இல் வாஷிங்டனின் செவி சேஸ் பகுதியில், ஏழை முதியோருக்கு ஒரு கட்டடத்தில் குடியிருப்பு அமைக்க அரசு முன்வந்தது. அக்கம்பக்கத்து வசதியானவர்கள் கொதித்து எழுந்தார்கள். இதைப் பார்த்த மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், நிறத்தைப் பார்த்து ஒதுக்குவதைப் போலவே வயதைப் பார்த்து ஒதுக்குவதும் ஒரு பாகுபாடுதான் என்ற கருத்தில், அதற்கு 'ஏஜிசம்' என்று பெயர் வைத்தார். நாம் வயதுப் பாகுபாடு என்கிறோம். பட்லர் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். மருத்துவம் படிக்கும்போது, வயதான நோயாளிகளைப் பற்றி ஆசிரியர்களே ஏளனமாகப் பேசியது அவரை உறுத்தியிருந்தது. ஆக, கல்விக்கூடமே இந்த நோய்க்கு ஒரு விளைநிலம்!

அடுத்த ஆண்டே, 65 வயதானதும் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்ட மேகி கூன் என்ற பெண்மணி 'கிரே பாந்தர்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். முதியவர்களை மட்டும் அவர் சேர்க்கவில்லை. கல்லூரி மாணவர்களோடு கைகோத்து வியட்நாம் போரை எதிர்த்தார். பிலடெல்பியாவில் தம் வீட்டையும் இளைஞர்களோடு பகிர்ந்துகொண்டார்.

1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் பேராசிரியர் பியர் வெல்லாஸ் 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' தொடங்கினார். 1980-களின் தொடக்கத்தில் அது பிரிட்டனுக்கு வந்தபோது வேறு உருவம் எடுத்தது. பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது. உறுப்பினர்களே ஆசிரியர், உறுப்பினர்களே மாணவர். அருமையான ஏற்பாடுதான். ஆனாலும் ஒரு குறை: பெரியவர்கள் பெரியவர்களோடு படித்தார்கள். இருபது வயதுப் பையனின் எண்ணம் எப்படி மாறும்?

இதற்கான விடையை உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே சொல்லி வைத்திருந்தார். இரு தரப்பினர் அருகருகே இருந்தால் மட்டும் தப்பெண்ணம் போய்விடாது. சமமான இடம், பொதுவான குறிக்கோள், கூடிச் செய்யும் வேலை, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் சேர வேண்டும். பொன்னாடை போர்த்துவதில் மரியாதை இருக்கிறது, சமம் இருக்கிறதா?

2012-இல் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. நெதர்லாந்தின் டெவன்டர் நகரில் ஹியூமானிடாஸ் முதியோர் இல்லம், கல்லூரி மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை கொடுத்தது. பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டுக்காரராக நடந்துகொண்டால் போதும். அதே ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் சிட்டி பல்கலைக்கழகம் எல்லா வயதினருக்கும் ஏற்ற பல்கலைக்கழகத்துக்குப் பத்துக் கொள்கைகளை வெளியிட்டது. தலைமுறைகள் ஒருவரிடம் ஒருவர் கற்பதும் அதில் ஒன்று. 2021-இல் உலக சுகாதார நிறுவனமும், வயதுப் பாகுபாட்டைக் குறைக்கும் மூன்று வழிகளில் ஒன்றாகத் தலைமுறைத் தொடர்பைச் சேர்த்தது. மற்ற இரண்டு, சட்டமும் கல்வியும்.

"இதெல்லாம் வயசானவங்க பிரச்சினை சார், நமக்கென்ன?" என்று தம்பிகள் கேட்கலாம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, பெக்கா லெவி என்ற ஆய்வாளர் 2002-இல் ஒரு முடிவை வெளியிட்டார். தம் முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்களாம். இன்று கேன்டீனில் அடிக்கிற கிண்டல், நாளை நம்மைப் பற்றிய நம் எண்ணமாகத் திரும்பி வரும். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அதற்குள் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள், "சார், இது உங்க காலத்து மெத்தட்" என்கிறார்கள்!

வரைபடத்தைப் பார்த்தால் அளவு தெரியும். அந்த அளவை ஏன் வைத்தார்கள் என்பது வைத்தவரைக் கேட்டால்தான் தெரியும். அதேபோல், கணினியில் புதிதாக வந்திருப்பதை மூத்தவர் தெரிந்துகொள்ள மாணவரிடம்தான் வர வேண்டும். ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு சில மாணவர் புராஜெக்ட்டுகளிலாவது, ஓய்வு பெற்ற ஒரு முன்னாள் மாணவர் குழு உறுப்பினராகச் சேரட்டும். வழிகாட்டியாக அல்ல, சிறப்பு விருந்தினராக அல்ல, சக உறுப்பினராக. கல்லூரியும் அதற்கு நேரமும் இடமும் ஒதுக்கட்டும். ஆல்போர்ட் சொன்ன நான்கும் அங்கே கூடிவிடும்.

அண்ணன்மார்களே, அக்காமார்களே, பெயர் கொடுங்கள். தம்பி தங்கைகளே, பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுங்கள். வளர்க நம் கல்லூரி!