கல்லீரல் நோயில் மூளைப் பாதிப்பு: நாய்ச் சோதனையும் நோயாளியின் உணவும்

1. ஆய்வுப் பொருள்

ஈரல் சுருக்கம் முற்றியவர் பகலில் உறங்கி இரவில் விழிக்கிறார், நீட்டிய கைகள் படபடக்கின்றன, சிலர் நினைவிழக்கின்றனர். குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற இயலாமை இதற்கு முதன்மைக் காரணம். இக்கருத்தை வளர்த்த ஆய்வகச் சான்று எங்கே உதவியது, எங்கே வழி தவறச் செய்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. ஆய்வகச் சான்று

2.1 நாய்: 1877-இல் நிக்கோலாய் எக், நாயின் போர்ட்டல் சிரையைக் கீழ்ப் பெருஞ்சிரையுடன் இணைத்தார், குடல் இரத்தம் கல்லீரலைத் தொடாமலே சென்றது. அத்தகைய நாய்களுக்கு இறைச்சி கொடுத்தபோது அவை தள்ளாடி, வலிப்புக் கண்டு, மயங்கி வீழ்ந்ததைப் பாவ்லோவ் குழுவினர் 1893-இல் வெளியிட்டனர்.

2.2 செல்: மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அம்மோனியாவைக் குளூட்டமேட்டுடன் சேர்த்துக் குளூட்டமைன் ஆக்குகின்றன. அது பெருகினால் நீர் புகுந்து செல் வீங்கும்.

3. மருத்துவச் சான்று

3.1 பொருந்தியவை: நோயாளிகளின் மூளையிலும் குளூட்டமைன் மிகுவதைக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை காட்டியது. அம்மோனியாவைக் குடலிலேயே தடுக்கும் லாக்டுலோஸ் 1966-இல் பயனுக்கு வந்தது. 2010-இல் வெளியான 299 பேர் பங்கேற்ற சோதனையில், ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியவர்கள் ரிஃபாக்சிமின் என்ற குடல் நுண்ணுயிர்க்கொல்லி பெற்றோரில் 22 விழுக்காடு. போலி மருந்து பெற்றோரில் 46 விழுக்காடு.

3.2 பொருந்தாதது: இறைச்சி நாயை வீழ்த்தியதால் நோயாளிக்குப் புரதம் நெடுங்காலம் குறைக்கப்பட்டது. 2004-இல் வெளியான பார்சிலோனா ஆய்வு 30 நோயாளிகளைச் சேர்த்து இவ்வழக்கைச் சோதித்தது. வழக்கமான அளவில் புரதம் உண்டவர்களுக்கு நோய் மிகவில்லை. குறைத்து உண்டவர்களின் உடற்புரதமே கூடுதலாகக் கரைந்தது.

4. வேறுபாட்டின் காரணம்

எக்கின் நாய் அறுவைக்கு முதல்நாள்வரை நலமாக இருந்தது. நோயாளியோ ஆண்டுக்கணக்கில் தசை கரைந்தவர். கல்லீரல் தளரும்போது அம்மோனியாவை அகற்ற உதவுவது அந்தத் தசைதான். புரதத்தைக் குறைத்தவர்கள் எஞ்சிய துணையையும் மெலியவிட்டனர். மருந்துகளிலும் இத்தகைய இடைவெளி உண்டு: குளூட்டமைன் உருவாக்கத்தைத் தடுக்கும் மெத்தியோனின் சல்ஃபாக்சிமின், எலியில் மூளை வீக்கத்தைக் குறைத்தது, ஆனால் அதுவே வலிப்பைத் தூண்டும் நஞ்சு.

5. முடிவு

அம்மோனியாவைச் சுட்டியதில் நாய்ச் சோதனை பிழைக்கவில்லை. அதிலிருந்து நோயாளியின் உணவுத்தட்டுக்கு நேரே தாவியதுதான் பிழை. ஆய்வக விலங்குக்குத் தசை இழப்பையும் சேர்த்துப் பார்ப்பதும், நோயாளியிடம் தனியே சோதிப்பதும் அத்தாவலுக்கு முன் நிகழவேண்டியவை.