தும்பும் தளையும்: லாபுத் தோட்டங்களில் ஒரு சொற்குடும்பம்

ஆங்கிலத்தில் ‘டெதர்’ என்னும் சொல், விலங்கு ஒரு வட்டத்துக்குள் மட்டும் மேயும்படி அதை நிலத்தில் ஊன்றிய ஒன்றோடு பிணைக்கும் கயிற்றைக் குறிக்கும். கையில் பிடித்து நடத்தும் வாரான ‘லீஷ்’ என்பதிலிருந்து, மறுமுனை அசையாது நிற்பதாலேயே அது வேறுபடுகிறது. மாட்டோடு வாழ்ந்த தமிழருக்கோ இங்கு ஒரு சொல் போதவில்லை. கழுத்தில் கட்டுவது தும்பு, மூக்கில் கோப்பது மூக்கணாங்கயிறு, காலைப் பிணைப்பது தளை, மேய்ச்சல் தரையில் அடிப்பது முளைக்குச்சி, தொழுவத்தில் நிற்பது கட்டுத்தறி எனச் சொற்கள் கிளைத்தன.

இவற்றுள் சில தொழுவத்தைக் கடந்தும் சென்றன. சீரோடு சீர் பொருந்தும் பிணைப்பை யாப்பிலக்கணம் ‘தளை’ என்றே அழைத்து அதை ஏழாக வகுக்கிறது. மதுரகவியாழ்வாரின் 11 பாசுரங்கள், யசோதை கண்ணனைக் கட்டிய சிறு கயிற்றின் பெயரால் ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ என வழங்குகின்றன. கட்டுதல் என்பது அடக்குதலாக மட்டுமன்றி, ஒழுங்காகவும் அன்பாகவும் தமிழில் பொருள்பட்டது.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் லாபு வட்டார ரப்பர் தோட்டங்களுக்கு இச்சொற்கள் தொழிலாளரோடு கடல் கடந்து வந்தன. ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்த கங்காணி முறை, உதவிபெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்ததோடு முடிவுற்றது. ஆனால் குடியேறியோர் தங்கள் வரிசை வீடுகளான லயங்களின் பின்புறத்தில் பசு வளர்க்கும் வழக்கம் தொடர்ந்தது. மரப்பால் நிறுவனத்துக்குப் போக, மாட்டுப்பால் வீட்டுக்கு ஆதாரமாயிற்று. குடும்பமுடைய தொழிலாளி ஒருவருக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி நிலம், மேய்ச்சலுக்கோ பயிருக்கோ ஒதுக்கப்பட வேண்டும் என்று மலாயாவின் தொழிலாளர் சட்டக்கோவை விதித்தது. 29 அடிக் கயிற்றில் கட்டிய மாடு மேயும் வட்டமும் ஏறத்தாழ அவ்வளவே. இளம் ரப்பர்க் கன்றுகளையோ அண்டை வீட்டுப் பாத்தியையோ மாடு மேய்ந்துவிடாமல் காத்தது அந்தக் கயிறுதான். மலாயர் ‘தம்பாட்’ என்று கூறும் அதே செயலைத் தமிழர் ‘முளையடித்துக் கட்டுதல்’ என்றனர்.

பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. தோட்ட நிலங்கள் சில நகர்ப்புறமாயின. மாடு குறையும் இடத்தில் தும்பு என்பது, தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்னும் பழமொழியில் மட்டும் எஞ்சக்கூடும். நிலம் சொந்தமில்லாத மக்கள் தமக்கென வைத்திருந்த சிறு வட்டத்தின் அளவுகோல் இச்சொற்களே என்பதால், அவற்றை அறிந்த முதியோர் இருக்கும்போதே பொருளோடு தொகுத்து வைப்பது தோட்டத் தமிழ் வரலாற்றின் கடமையாகும்.