பாக்கும் நம் மாகாணமும்



"பொயிலை போடுறதில்ல, வெறும் வெத்திலையும் பாக்கும்தான்" என்று நம் தோட்டங்களில் பலர் சொல்வதைக் கேட்கிறோம். ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் இந்த அளவில்தான் நின்றது. 1985இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம், புகையிலை சேர்ந்த வெற்றிலையை மட்டுமே புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. 2003இல் நிபுணர்கள் மறுபடி கூடினார்கள். புகையிலை சேராத வெற்றிலையும் தனிப் பாக்கும்கூட புற்றுநோயைத் தரும் என்று முடிவு செய்தார்கள்.

பிறகு 2006-2007இல், பேராசிரியர் சமன் வர்ணகுலசூரிய இடம்பெற்ற குழு நம் சப்ரகமுவ மாகாணத்திலேயே ஆய்வு செய்தது. 30 வயதுக்கு மேற்பட்ட 1029 பேரின் வாயைப் பரிசோதித்ததில், நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குப் புற்றாக மாறக்கூடிய மாற்றங்கள் இருந்தன. புகையிலை சேர்க்காமல் வெற்றிலை போட்டவர்களுக்கும் ஆபத்து கூடுதலாகவே இருந்தது.

அந்த மாற்றங்கள் இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. அதுதான் நமக்குள்ள அவகாசம். வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் டொக்டரிடம் காட்டுங்கள். காசு கேட்கமாட்டார்கள். அரைப்பேர் போகுமே என்று தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுவோம்.