நெருப்புக்குக் காவல் நீர்

நீரும் நெருப்பும் தம்முள் பகை என்பது உலக வழக்கு. ஆயின், நெருப்பால் இயங்கும் இயந்திரத்தை அந்நெருப்பினின்றும் காப்பதற்கு நீரையே அதன் வயிற்றுக்குள் செலுத்திய வரலாறு ஒன்றுண்டு. ஒன்றரை நூற்றாண்டைக் கடந்த அவ்வரலாறு பிரான்சு நாட்டிலே தொடங்குகின்றது. பிரெஞ்சு ஆட்சியின் சுவடுகள் மாறாத புதுச்சேரியிலிருந்து அதனை நோக்குவோம்.

புதுவைப் பாரதி பூங்காவின் நடுவே ஆயி மண்டபம் வெண்ணிறம் பொலிய நிற்கின்றது. முத்திரைப்பாளையத்து நன்னீர் நகருக்குள் வந்ததன் நினைவாக, பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது அது. அவர் ஆண்ட காலம் 1852 முதல் 1870 வரை. அதே காலத்தில், பாரிசு நகரில், லெனுவார் என்பார் 1860-இல் வாயுவால் இயங்கும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். அது அளவுக்கு மிஞ்சிச் சூடேறிற்று. அக்குறையைத் தணிக்க முனைந்த பியேர் உகோன், 1865-இல் தாம் செய்த இயந்திரத்தின் உருளைக்குள்ளேயே சிறிது நீரைத் தெளிக்கச் செய்தார். புதுவை மாந்தரின் தாகம் தணிக்க நீர் வந்த தலைமுறையிலேதான் இயந்திரத்தின் தாகம் தணிக்கவும் நீர் வந்தது எனலாம்.

பின்னர், 1890-களில், அங்கேரி நாட்டறிஞர் தோனாத் பாங்கி, காற்றையும் எரிபொருளையும் மிகுதியாக அழுத்தும் இயந்திரத்துக்கு நீரைத் துணையாக்கினார். 1905-இல் சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி, கழிவுப் புகையின் விசையாலேயே காற்றை அழுத்தி உட்செலுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். இன்று டர்போ எனப்படுவது அதுவே. முதல் உலகப் போரின்போது பிரெஞ்சுப் பொறியாளர் ஒகுஸ்து ரத்தோ அதனை வானூர்தி இயந்திரத்தில் பொருத்தினார்.

டர்போவுக்கு நீர் எதற்கு? காற்றை அழுத்தினால் அது சூடேறும். 35 பாகை வெப்பமுள்ள புதுவைக் காற்றை டர்போ இருமடங்கு அழுத்தினால், அதன் வெப்பம் 100 பாகையைத் தாண்டிவிடும். அத்தகைய காற்றோடு கலந்த பெட்ரோலின் ஒரு பகுதி, தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன் தானே வெடித்துவிடும். உலோகத்தைச் சுத்தியால் தட்டினாற்போல் ஓசை எழும். 'நாக்கிங்' என்று பட்டறைகளில் சொல்வது இதனைத்தான். இது நீடித்தால் பிஸ்டன் உடையும். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாகும்போது ஏறத்தாழ 350 கிலோஜூல் வெப்பத்தையே உறிஞ்சும். மெத்தனால் ஏறத்தாழ 1,100. நீரோ ஏறத்தாழ 2,260. எனவே நுண்துளியாய்த் தூவிய சிறிதளவு நீரே பெருவெப்பத்தைக் குடித்துவிடுகின்றது. நீர் எரிபொருளன்று, அது தானாக விசை தருவதில்லை. கூடுதல் விசையைத் தாங்கும் வலிமையையே தருகின்றது.

இரண்டாம் உலகப் போர் இதனைப் பெரிய அளவில் மெய்ப்பித்தது. அமெரிக்கரின் தண்டர்போல்ட் போர் விமானத்தில் 2,000 குதிரைத்திறன் இயந்திரம் நீரின் துணையால் 2,300 வரை எட்டிற்று. செருமானியர் நீரும் மெத்தனாலும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்து 'எம்.டபிள்யூ. 50' எனப் பெயரிட்டனர். அதனைத் தொடர்ந்து பத்து நிமிடங்களுக்கு மேல் செலுத்தலாகாது என்று விதியும் வகுத்தனர்.

தரையில் ஓடும் காருக்கு இது வந்தது 1962-இல். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் 'ஜெட்ஃபயர்' என்னும் டர்போ காரை வெளியிட்டது. மூன்றரை லிட்டர் இயந்திரம், 215 குதிரைத்திறன். நீர், மெத்தனால், துருத்தடுப்பான் சேர்ந்த திரவத்தைத் தனித் தொட்டியில் உரிமையாளர் நிரப்பிவர வேண்டும். தொட்டி வற்றினால் டர்போவின் அழுத்தத்தைத் தானே குறைக்கும் தடுக்கிதழும் இருந்தது. ஆயினும் நடந்தது யாது? பலர் நிரப்ப மறந்தனர். வண்டி விசையிழந்தது, பழியோ பொறியின் மேல் விழுந்தது. 1963-உடன் அந்தக் கார் நின்றது. 1965-இல் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்தித் தரவும் நிறுவனம் முன்வந்தது. பொறியியல் தோற்கவில்லை, மனிதனின் மறதியை அது எடைபோடத் தவறியது.

அப்பாடம் வீண்போகவில்லை. 2015-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 'எம்4 ஜி.டி.எஸ்.' என்னும் காரை அறிமுகம் செய்து, ஐந்து லிட்டர் நீர்த்தொட்டியின் துணையால் 500 குதிரைத்திறன் பெற்றது. அதனுள் கணினியே காவலாளி. நீர் தீர்ந்தால் அது விசையைத் தாழ்த்தி இயந்திரத்தைக் காக்கும்.

புதுவையில் இன்று ஒருவர் தம் டர்போ வண்டிக்கு இதனை அமைக்க விரும்பினால், வரலாறு கூறும் அறிவுரைகள் சில. வேண்டுவன தொட்டி, வடிகட்டி, அழுத்தம் மிக்க பம்பு, நுண்துளை முனை, மின்கட்டுப்பாட்டு வால்வு ஆகியன. முனை, காற்றைக் குளிர்விக்கும் 'இன்டர்கூலரை' அடுத்து அமைதல் நன்று. டர்போவின் அழுத்தம் நன்கு ஏறிய பின்னரே நீர் பாய வேண்டும். எரிபொருளின் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டில் தொடங்கலாம். மிகுந்தால் தீப்பொறியே அவிந்துபோகும். வால்வு இல்லையேல், நின்ற வண்டியினுள் நீர் தானே கசிந்து உருளையை நிரப்பி, மறுபடி முடுக்கும்போது இயந்திரத்தை முறித்துவிடவும் கூடும்.

கடலோர ஊரின் நிலத்தடி நீரில் உப்பு மிகுதி. அது முனையை அடைக்கும். உள்ளே படிந்து அரிக்கும். ஆகவே வாலையில் வடித்த நீரே தகும். வடிகலத்துக்கு ஐரோப்பியர் வழங்கும் 'அலெம்பிக்' என்னும் பெயர் 'அல்-அன்பீக்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது என்பதை நம் வாசகர்க்கு நினைவூட்டுவோம்.

மெத்தனால் வேண்டுமா? குளிர்நாட்டில் நீர் உறையாதிருக்கவும் அது பயன்பட்டது. புதுவையிலோ நீர் உறைவதில்லை. தூய நீரே பெரும்பாலும் போதும். மெத்தனால் கொடிய நஞ்சு. 2023 மே மாதத்தில், புதுவைக்கு அண்மையிலுள்ள மரக்காணப் பகுதியில், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் எத்தனை குடும்பங்களின் விளக்கை அணைத்தது என்பதை நாம் மறப்பதற்கில்லை. அதனை வீட்டில் சேமித்து வைப்பது இயந்திரத்துக்கு வரும் தீங்கினும் பெரிய தீங்கு.

மேலும், வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகின்றது. அன்றாட ஓட்டத்துக்குரிய குடும்பக் காருக்கு இந்த ஏற்பாடு தேவையுமில்லை. பந்தயத்துக்கோ ஆய்வுக்கோ அமைப்போர் முதலில் வினவ வேண்டியது, "எவ்வளவு விசை கூடும்?" என்பதன்று; "நீர் தீர்ந்த கணத்தில் என்ன நிகழும்?" என்பதே. அவ்வினாவுக்கு விடை அமைத்த பின்னரே விசையைக் கூட்டலாம். காவலனை நம்பிக் கதவைத் திறப்பவன், காவலன் அயரும் வேளைக்குத் தாழ்ப்பாளும் வைத்திருக்க வேண்டுமன்றோ!