பதினான்கு ஆட்ட முன்னிலை: 1978-இல் பாஸ்டனும் நியூயார்க்கும்



போன வாரம் பாஸ்டனில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். வாரக் கடைசியில் நியூயார்க் யாங்கீஸ் அணி அவர்கள் ஊருக்கு விளையாட வருகிறதாம். "சார், எங்க டீம் நல்ல ஃபார்ம்ல இருக்கு. இந்த சீரிஸோட யாங்கீஸ் கதை முடிஞ்சிடும்" என்றார். "தம்பி, 1978-இல் என்ன நடந்தது தெரியுமா?" என்று கேட்டேன். "அப்போ நான் பொறக்கவே இல்லையே சார்" என்றார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் எழுதுகிறேன். பதிவு நீளம்தான். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

பேஸ்பால் ஆட்டத்தை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் இந்த ஒரு பருவத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பல வருடமாகப் படித்து வருகிறேன்.

முதலில் விதிமுறை. அமெரிக்காவில் ஒவ்வொரு பேஸ்பால் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆட வேண்டும். மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் முதலில் தொடங்கி செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம்தான். ஓர் அணி வெளியூர் போனால் அங்கேயே தங்கி அதே எதிரணியோடு மூன்று நான்கு நாள் ஆடும். அதைத்தான் தொடர் என்கிறார்கள். 1969 முதல் ஒவ்வொரு லீகும் கிழக்கு, மேற்கு என்று இரு பிரிவாக இருந்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸும் நியூயார்க் யாங்கீஸும் அமெரிக்கன் லீகின் கிழக்குப் பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பிடித்த அணி மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போகும். இரண்டாவது வந்தால், எத்தனை ஆட்டம் ஜெயித்திருந்தாலும் வீட்டுக்குத்தான். இந்த விதியை மறந்துவிடாதீர்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

இரு ஊர்களுக்கும் பழைய பகை உண்டு. பாஸ்டன் 1918-இல் உலகத் தொடரை வென்றது. அடுத்த ஆண்டே தன் பெரிய ஆட்டக்காரர் பேப் ரூத்தை நியூயார்க்குக்கு விற்றது. அதன் பிறகு நியூயார்க் கோப்பை மேல் கோப்பையாக வாங்கியது. பாஸ்டனுக்கு ஒன்றுகூட இல்லை.

இப்போது 1978 ஜூலை 19-க்கு வருவோம். அன்று பாஸ்டன் 62 வெற்றி, 28 தோல்வி. நியூயார்க் 48 வெற்றி, 42 தோல்வி. வெற்றியில் வித்தியாசம் 14, தோல்வியிலும் 14. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 14. அதாவது நியூயார்க் 14 ஆட்டம் பின்தங்கி, பிரிவில் நான்காவது இடத்தில் இருந்தது. அன்றைக்கு யார் முன்னோட்டம் எழுதியிருந்தாலும் ஒரே வரியில் முடித்திருப்பார்கள்: பாஸ்டனுக்குத்தான்.

நியூயார்க் அணிக்குள் அப்போது குழாயடிச் சண்டை. மேனேஜர் பில்லி மார்ட்டினுக்கும் நட்சத்திர ஆட்டக்காரர் ரெஜி ஜாக்சனுக்கும் ஆகாது. சொன்னபடி ஆடவில்லை என்று ஜாக்சனைத் தற்காலிகமாக நீக்கினார் மார்ட்டின். பிறகு ஜாக்சனையும் அணி முதலாளியையும் சேர்த்து நிருபர்களிடம் கடுமையாகப் பேசிவிட்டு, ஜூலை 24 அன்று கண்ணீரோடு ராஜினாமா செய்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் பாப் லெமன். மூன்றரை வாரத்துக்கு முன்புதான் சிகாகோ அணி அவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தது. அமைதியான மனிதர். வந்ததும் புதுத் திட்டம் எதுவும் போடவில்லை. ஆட்டக்காரர்களை ஆட விட்டார். காயத்திலிருந்த பிட்ச்சர்களும் ஒவ்வொருவராகத் தேறி வந்தார்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க் பத்திரிகை அச்சகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். டைம்ஸ், டெய்லி நியூஸ், போஸ்ட் மூன்றுமே நின்றன. டைம்ஸும் டெய்லி நியூஸும் நவம்பர் வரை வரவில்லை. அணியின் உள்சண்டையைத் தினமும் முதல் பக்கத்தில் போட ஆள் இல்லாததே யாங்கீஸுக்கு நல்லதாகப் போயிற்று என்று பின்னால் பலர் சொன்னார்கள். ஊர் சரித்திரத்திலேயே பெரிய துரத்தலை நியூயார்க்வாசிகள் காலைப் பேப்பர் இல்லாமல், ரேடியோவிலும் டிவியிலும்தான் பின்தொடர்ந்தார்கள். 'தினத்தந்தி' வராத காலையில் டீக்கடை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பாஸ்டனில் நடந்தது வேறு. அங்கே ஆட்டக்காரர்களின் உடம்பு உடைந்துகொண்டிருந்தது. கேட்ச்சர் கார்ல்டன் ஃபிஸ்கின் விலா எலும்பில் விரிசல். ஜெர்ரி ரெமிக்கு மணிக்கட்டில் அடி. டுவைட் எவன்ஸுக்கு ஆகஸ்ட் கடைசியில் தலையில் பந்து பட்டு, அதன் பிறகு தலைசுற்றல். மூன்றாம் பேஸில் நின்ற பட்ச் ஹாப்சனின் முழங்கைக்குள் எலும்புத் துணுக்குகள் நகர்ந்துகொண்டிருந்தன. அந்தக் கையோடுதான் அவர் எறிந்தார். அந்தப் பருவத்தில் அவர் செய்த ஃபீல்டிங் பிழைகள் 43. மேனேஜர் டான் ஜிம்மர் அவரை வெளியே உட்கார வைக்கவில்லை. ஓய்வு வேண்டும் என்று கேட்க ஹாப்சனுக்கும் மனம் வரவில்லை.

செப்டம்பர் 7, வியாழக்கிழமை. நான்கு ஆட்டத் தொடருக்காக யாங்கீஸ் பாஸ்டனின் ஃபென்வே பார்க்குக்கு வந்தார்கள். அப்போது இடைவெளி 14 அல்ல, வெறும் 4. ஆனாலும் சொந்த மைதானம், சொந்தக் கூட்டம். ஆளுக்கு இரண்டு ஜெயித்தால்கூட பாஸ்டனின் முன்னிலை அப்படியே இருக்கும். காகிதத்தில் சாதகம் பாஸ்டனுக்கே.

வியாழன்: நியூயார்க் 15, பாஸ்டன் 3.

வெள்ளி: நியூயார்க் 13, பாஸ்டன் 2. அன்று பாஸ்டன் ஃபீல்டர்கள் செய்த பிழைகள் மட்டும் 7.

சனி: நியூயார்க் 7, பாஸ்டன் 0. யாங்கீஸின் இடக்கை பிட்ச்சர் ரான் கிட்ரி எதிரணிக்கு இரண்டே ஹிட்தான் கொடுத்தார். ஆட்டத்தின் 7 ரன்னும் நான்காம் இன்னிங்ஸ் ஒன்றிலேயே வந்தன. உயரே எழும்பிய ஒரு சாதாரணப் பந்து, காற்றில் அலைந்து, பாஸ்டன் ஃபீல்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க நடுவில் விழுந்தது. அதிலிருந்துதான் எல்லாம் அவிழ்ந்தது.

ஞாயிறு ஜிம்மர் எடுத்த முடிவைப் பற்றி பாஸ்டனில் இன்றும் சண்டை போடுவார்கள். அனுபவசாலி லூயிஸ் டியான்ட், ஓய்வு குறைவாக இருந்தாலும் பந்து வீசத் தயாராக இருந்தார். யாங்கீஸுக்கு எதிராக நல்ல பெயர் எடுத்திருந்த பில் லீயும் இருந்தார். ஆனால் லீ, ஜிம்மரைக் கேலி பேசியவர். இருவருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை. ஜிம்மர் இருவரையும் விட்டுவிட்டு பாபி ஸ்ப்ரௌல் என்ற புதிய பையனை அனுப்பினார். அவனால் முதல் இன்னிங்ஸைக்கூட முடிக்க முடியவில்லை. நியூயார்க் 7, பாஸ்டன் 4.

நான்கு நாளில் 42 ரன்னுக்கு 9. ஹிட் கணக்கில் 67-க்கு 21. பத்திரிகைகள் இதற்கு "பாஸ்டன் படுகொலை" என்று பெயர் வைத்தன. 1770-இல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பாஸ்டன் தெருவில் மக்களைச் சுட்டதற்குச் சரித்திரம் கொடுத்த பெயர் அது. ஞாயிறு மாலை இரு அணியும் 86 வெற்றி, 56 தோல்வி. சமம்.

இந்தக் கதையைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். "14 ஆட்ட முன்னிலையைக் கோட்டைவிட்ட அணி" என்ற முத்திரையோடு பாஸ்டனை மூடிவைத்துவிடுவார்கள். தேதி வாரியாகப் படிப்பவர்களுக்குத்தான் அடுத்த மூன்று வாரமும் கண்ணில் படும். நான் சொல்ல வந்ததே அந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான்.

அடுத்த வெள்ளி, சனி நியூயார்க்கிலும் பாஸ்டன் தோற்றது. இப்போது மூன்றரை ஆட்டம் பின்னால். இனி எழ முடியாது என்று எல்லாரும் எழுதிவிட்ட நேரம். ஆனால் ஞாயிறு ஜெயித்தார்கள். அதிலிருந்து கடைசி 14 ஆட்டத்தில் 12 வெற்றி. அதிலும் கடைசி 8 ஆட்டமும் வரிசையாக வெற்றி. அதே உடைந்த விலா, அதே முழங்கையோடு ஆடியவர்கள் ஜெயித்த வெற்றிகள் இவை. ஹாப்சன் மட்டும் கடைசியில், தன் எறிதலால் அணிக்கு நஷ்டம் என்று தானே ஃபீல்டிங்கிலிருந்து விலகி, பேட்டிங் மட்டும் செய்தார்.

கொடுமை என்னவென்றால் யாங்கீஸும் விடவில்லை. கடைசி வாரத்தில் அவர்களும் தொடர்ந்து 6 ஆட்டம் ஜெயித்தார்கள். தினமும் பாஸ்டன் ஜெயிக்கும். தினமும் நியூயார்க்கும் ஜெயிக்கும். ஒரே ஓர் ஆட்ட இடைவெளி அப்படியே நிற்கும். அக்டோபர் 1, கடைசி நாள். பாஸ்டனில் டியான்ட் இரண்டே ஹிட் கொடுத்து டொரான்டோவை 5-0 என்று முடித்தார். நியூயார்க்கிலோ கிளீவ்லாந்தின் ரிக் வெய்ட்ஸ் என்ற பிட்ச்சர் யாங்கீஸை 9-2 என்று தோற்கடிக்க உதவினார். ஃபென்வே பார்க் ஸ்கோர்போர்டில் அந்த வெளியூர்க்காரருக்கு நன்றி சொல்லி எழுத்து ஓடியது. இரு அணியும் 99 வெற்றி, 63 தோல்வி. முன்பே போட்டிருந்த டாஸ்படி, மறுநாளே பாஸ்டனில் ஒரே ஓர் ஆட்டம். ஜெயித்தவர் உள்ளே, தோற்றவர் வீட்டுக்கு.

அக்டோபர் 2, திங்கட்கிழமை பிற்பகல். ஆறு இன்னிங்ஸ் முடிவில் பாஸ்டன் 2-0 முன்னிலை. ஏழாவதில் இரண்டு பேர் பேஸில் நிற்க, பக்கி டென்ட் பேட்டோடு வந்தார். வரிசையில் கடைசி ஆள். பருவம் முழுவதும் அடித்தது 4 ஹோம் ரன். வேறு நாளாக இருந்தால் லெமன் அவருக்குப் பதில் வேறு ஆளை இறக்கியிருப்பார். ஆனால் வில்லி ராண்டால்ஃப் காயத்தில் இருந்ததால் உள்வட்டத்தில் நிற்க மாற்று ஆள் இல்லை. ஒரு பந்தைத் தன் காலிலேயே அடித்துக்கொண்டு நொண்டினார் டென்ட். அந்த இடைவெளியில், அவர் பேட்டில் கீறல் இருப்பதைக் கவனித்த மிக்கி ரிவர்ஸ் வேறு பேட் கொடுத்தனுப்பினார். அடுத்த பந்து, இடப்புறம் நிற்கும் 37 அடி பச்சைச் சுவரைத் தாண்டிப் போயிற்று. 3-2.

ஆட்டம் கடைசியில் 5-4 வரை வந்தது. ஒன்பதாம் இன்னிங்ஸில் ரெமி அடித்த பந்து வலப்பக்கம் போனது. அங்கே நின்ற லூ பினெல்லாவின் கண்ணில் மாலைச் சூரியன். பந்து எங்கே என்றே தெரியாமல் கையை விரித்து நின்றார். தரையில் பட்டு எழும்பிய பந்து அவர் கையுறைக்கே வந்தது. அது தாண்டியிருந்தால் பாஸ்டன் சமன் செய்திருக்கும், ஒருவேளை ஜெயித்தே இருக்கும். இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில். வந்தவர் 39 வயதான கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி, பாஸ்டனின் மூத்த ஆட்டக்காரர், அன்றே ஒரு ஹோம் ரன் அடித்திருந்தவர். அவர் அடித்த பந்து நேரே மேலே எழும்பி மூன்றாம் பேஸ்காரர் கையில் விழுந்தது. முடிந்தது. அந்த ஆண்டு உலகத் தொடரையும் யாங்கீஸே வென்றார்கள்.

99 ஆட்டம் ஜெயித்த பாஸ்டனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது அந்த விதிக்கு வருகிறேன். 1995 முதல், பிரிவில் இரண்டாவது வந்தாலும் உள்ளே போக ஒரு வழி திறந்தார்கள். 2004-இல் நியூயார்க் 101 வெற்றியோடு முதலிடம். பாஸ்டன் 98 வெற்றியோடு இரண்டாமிடம். அந்தப் பாஸ்டன், லீக் இறுதியில் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டமும் தோற்று, அடுத்த நான்கையும் ஜெயித்தது. அதற்கு முன் எந்த பேஸ்பால் அணியும் அப்படி மீண்டதில்லை. பிறகு உலகத் தொடரையும் வென்றது, 86 வருடம் கழித்து. 98 வெற்றி பெற்ற அணியை ஊர் தோளில் தூக்கியது. 99 வெற்றி பெற்ற அணியைக் கோட்டைவிட்டவர்கள் என்கிறது. கதவு எங்கே வைக்கப்பட்டது என்பதுதான் வித்தியாசம்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? வேலையில் இருந்த காலத்தில் நானும் முன்னோட்டம் எழுதியவன்தான். அரையாண்டு மார்க்கைப் பார்த்து, "இவன் தேறுவான், இவன் தேற மாட்டான்" என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். பாதி முறை தப்பாகப் போயிற்று. அரை மார்க்கில் சீட்டை இழந்தவர்களைத் தோற்றவர்கள் என்றே நானும் நினைத்தேன். அவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். கடைசி எட்டு ஆட்டத்தை நீங்கள் ஜெயித்ததை அன்றைக்கு நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

பாஸ்டன் தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: தொடரைப் பார், ஆனால் ஞாயிறு சாயங்காலம் தீர்ப்பு எழுதிவிடாதே. என்ன ஆயிற்று என்று அவரே கீழே எழுதுவார். நீங்களும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்